அத்தான் பாஸாகாத நாடுகள்

என் அக்காவைக் கட்டிய மனிதர் தொழிலால் லிப்ட் மெக்கானிக். இருபத்தேழு வருஷம் கிரீஸும் கையுமாக மாடி மாடியாக ஏறி இறங்கிய ஆளுக்கு, ஒருநாள் கயிறு இல்லாமலே மேலே போகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பெரிய விமானம் இல்லை. நாலு பேர் முட்டியை இடித்துக்கொண்டு உட்காரும், மூக்கில் ஒரே ஒரு விசிறி சுற்றும் குட்டி விமானம். சம்பளத்துக்கு ஓட்டக்கூடாது, சொந்த ஆசைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்று அதற்கென்று தனியாக ஒரு லைசென்ஸ் இருக்கிறது. அதை வாங்க அத்தான் மூன்று நாடுகளில் படித்தார். இரண்டில் வாங்கவில்லை. மூன்றாவதில் என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என் வண்டியில் என் காலுக்கடியில் இன்னொரு பிரேக் உண்டு. என்னிடம் படித்தவர்கள் முதல் தடவையிலேயே பாஸாவார்கள், இரண்டாம் தடவை வருகிறவர்களுக்கு நான் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு அத்தான். கார் லைசென்ஸ் தேர்வு அலுவலகத்தில் என்னோடு காத்திருக்கும் மற்ற பயிற்சியாளர்கள், "உங்க வீட்ல ஒருத்தர் பத்து வருஷமா படிக்கிறாராமே?" என்று கேட்டு என் மானத்தை வாங்குவார்கள்.

அவர் படிப்பு முடியாமல் போனதற்குக் காரணம் மண்டை இல்லை, என் அக்கா. அவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். அறுப்பதற்கு முன்னால் கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாவற்றையும் எண்ணி, தைப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை எண்ணி, ஒன்று குறைந்தாலும் டாக்டரையே நிறுத்திவைக்கும் ரகம். கெட்டிக்காரி என்பதால் அவளைக் கூப்பிடாத ஆஸ்பத்திரி இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த நாட்டில் இன்னும் பெரிய வேலை வரும். அக்கா கிளம்புவாள், அத்தான் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். லிப்ட் எந்த ஊரிலும் கெட்டுப்போகும் என்பதால் அவருக்கு வேலைக்குப் பஞ்சம் வந்ததில்லை.

முதல் நாட்டில் நான் இல்லை. அங்கே குறைந்தது நாற்பது மணி நேரம் பறக்கவேண்டும், எழுத்துத் தேர்வு ஒன்றே ஒன்றுதான். ஆனால் கடைசி நாளில் தேர்வாளர் எதிரே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்பாராம், அதற்குப் பிறகுதான் விமானத்தில் ஏறவே விடுவாராம். அத்தான் முப்பத்தெட்டு மணி நேரம் பறந்தார். தேர்வுக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். அந்த வாரம் அக்காவுக்கு அடுத்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது.

இரண்டாவது நாட்டில் நானும் வந்து சேர்ந்துகொண்டேன். வந்து இறங்கிய மறுநாள் காலைச் சாப்பாட்டில், ரொட்டித் தட்டை ஓடுதளமாகவும் கரண்டியை விமானமாகவும் வைத்துக்கொண்டு அத்தான் ஆரம்பித்தார்.

"நல்லவேளை, அங்க முடிக்கல. ஒரே ஒரு பேப்பர், அதுலயும் கேள்விக்குக் கீழயே விடை போட்டிருப்பான், நாம டிக் பண்ணினா போதும். அதெல்லாம் ஒரு படிப்பா? இங்க ஒன்பது பேப்பர் தெரியுமா? மேகத்துக்கு ஒண்ணு, சட்டத்துக்கு ஒண்ணு, மனுஷன் மூளை மேல போனா எப்படி மந்தமாகும்னு அதுக்குத் தனியா ஒண்ணு!"

"உங்களுக்கு அந்தப் பேப்பர் கஷ்டமா இருக்காது அத்தான், கீழயே அப்படித்தான" என்றேன். அக்கா சிரித்தாள், அவரும் சிரித்தார்.

ஒன்பது பேப்பரையும் எழுதினார். வேலைக்குப் போய்வந்து, அழுக்குச் சட்டையோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, காற்றழுத்தத்தைப் பற்றி வாய்விட்டுப் படிப்பார். ஒன்பதிலும் தேறினார். ஆனால் அந்த நாட்டில் வாரத்தில் ஐந்து நாள் மழை. மேகம் தலையில் இடிக்கிற மாதிரி தொங்கும், பறக்கவிட மாட்டார்கள். நாற்பத்தைந்து மணி நேரத்தில் முப்பத்தொன்றைத் தொடுவதற்குள் அக்காவுக்கு மறுபடியும் கடிதம் வந்தது.

மூன்றாவது நாட்டில், புது வீட்டில் நாற்காலிகூட வராத நிலையில், அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"நல்லவேளை. ஒன்பது பேப்பர் எழுதி என்ன கிழிச்சேன்? மேகத்துக்குப் பேர் வைக்கத் தெரியும், விமானம் பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டு விழுந்தா வெளிய கொண்டுவரத் தெரியாது. இங்கதான் வேணும்னே சுத்தவிட்டு வெளிய எடுக்கக் காட்டித் தர்றான். இதுதான் பயிற்சி!"

எனக்கு எரிச்சலாக வரும். விட்டுவந்த இடத்தை மட்டம் தட்டுவது, வந்த இடத்தைத் தலையில் தூக்கிவைப்பது. எந்த நாட்டில் எத்தனை மணி நேரம், எங்கே இரவில் பறப்பதும் சேர்ந்தது, எங்கே அதற்குத் தனிச் சீட்டு, எங்கே கண் டாக்டர் கறார், எங்கே வானொலியில் பேசத் தனியாகத் தேர்வு என்று கட்டம் போட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தார். பாலெடுக்கப் போனால் அதைப் படிக்காமல் பாலெடுக்க முடியாது. விமானக் கிளப்பிலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அங்க இப்படி, இங்க இப்படி" என்று எல்லோரையும் பிடித்துவைத்துப் பேசியதில், ஒரே மாதத்தில் 'அங்கஇங்க சார்' என்று பெயர் வாங்கிவிட்டார்.

கிளப் என்றால் தகரக் கொட்டகையில் ஐந்து விமானம், பக்கத்தில் தேநீர் கொதிக்கும் ஒரு அறை, சாவி மாட்டும் பலகை, ஓயாமல் கரகரக்கும் வானொலிப் பெட்டி, அவ்வளவுதான். அத்தானுக்கு அமைந்த பயிற்சியாளர் இருபத்து நாலு வயதுச் சின்னப் பெண். ஐம்பத்து மூன்று வயது மாணவரை "அங்கிள், வால் பக்கம் பாருங்க, அங்கிள், பெடல் மேல காலைத் தூங்கவிடாதீங்க" என்று விரட்டி வேலை வாங்கும். அந்தப் பெண்ணும் பயிற்சி எடுத்தது அத்தானின் முதல் நாட்டில்தான். அதனால் இருவரும் சேர்ந்துவிட்டால் பழைய கதைதான், பழைய பழக்கம்தான். இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த முறை எல்லாம் கூடிவந்தது. மணிக்கணக்கு முடிந்தது, பேப்பர் முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் பறக்கும் தேர்வு குறித்தார்கள். இதற்குள் வழக்கம்போல அக்காவுக்கு நாலாவது நாட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. அதே வாரம் சனிக்கிழமைக்கு எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட்.

அந்த நாலாவது நாட்டுச் சட்டத்தை அத்தான் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார். கையில் லைசென்ஸோடு போனால் ஒரு சட்டப் பேப்பர் எழுதி, ஒரு தடவை ஓட்டிக்காட்டினால் போதும். பாதிப் படிப்போடு போனால் மறுபடியும் முதலிலிருந்து. அதற்கும் வழி இருக்குமா என்பது சந்தேகம், ஏனென்றால் லைசென்ஸுக்கான மருத்துவச் சோதனையில் இங்கத்து டாக்டர் இரத்த அழுத்தத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இந்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுறேன், அடுத்த வருஷத்துக்கு என்னை நம்பாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆக, செவ்வாய்க்கிழமை தவறினால் அத்தானின் ஆகாயம் அதோடு சரி. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்று காலை நான்தான் காரில் கூட்டிப்போனேன். காற்றே இல்லை, கொட்டகைக்கு வெளியே காற்றின் திசை காட்டக் கட்டியிருந்த துணிப்பை துவைத்துத் தொங்கவிட்ட சட்டைக் கை மாதிரி கிடந்தது. தேர்வாளர் காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு வந்தார். கிளப்பில் அவருக்குப் பேரே பென்சில்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார், சிரிக்கமாட்டார், இந்த நாட்டிலேயே பயிற்சி எடுத்து இந்த நாட்டிலேயே வயசானவர்.

புறப்படும் முன் விஷயங்களைப் படபடவென்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், "நடுவுல சில நேரம் நான் ஓட்டுவேன், அப்புறம் உங்ககிட்ட கொடுப்பேன். அதெல்லாம் வழக்கம்போலத்தான்" என்றார். அத்தானும், "சரி சார், வழக்கம்போல" என்றார்.

இங்கேதான் வம்பு. என் காரில் இரண்டாவது பிரேக் இருப்பதுபோல, இந்தக் குட்டி விமானங்களில் இரண்டு பேர் முன்னாலும் ஓட்டும் பிடி உண்டு. யார் ஓட்டுகிறார்கள் என்பதில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, பிடியைக் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்வார்கள். இந்த நாட்டு வழக்கத்தில் கொடுப்பவர் "உங்க கையில" என்பார், வாங்குபவர் "என் கையில" என்பார், வேலை முடிந்தது. அத்தானின் முதல் நாட்டிலோ அதற்குமேல் இன்னொன்று உண்டு. கொடுத்தவர் திரும்பவும் "உங்க கையில" என்று உறுதிசெய்யவேண்டும். அந்தப் பயிற்சியாளர் பெண் அதில் ரொம்பக் கண்டிப்பு. மூன்றாவது வார்த்தை வரும்வரை பிடியைத் தொட்டுக்கொண்டு இருக்கலாம், அசைக்கக்கூடாது என்று அத்தானைப் பழக்கிவைத்திருந்தது.

மேலே போனார்கள். நானும் அந்தப் பெண்ணும் தேநீர் அறையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம். பிறகு அத்தானே சொல்லித் தெரிந்துகொண்டது இது. ஏற்றம், திருப்பம், எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது என்பது எல்லாம் வெண்ணெய் மாதிரி போயிருக்கிறது. வெளியே தெரியாதபடி நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டி, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டச் சொன்னார் பென்சில். அதையும் செய்தார். "நான் ஓட்டுறேன், மறைப்பைக் கழட்டி வைங்க" என்று பென்சில் பிடியை வாங்கிக்கொண்டார். அத்தான் கழட்டி மடித்து வைத்தார். விமானத்தை ஆடாமல் அசையாமல் சமநிலையில் நிறுத்திவிட்டு பென்சில் சொன்னார், "உங்க கையில."

"என் கையில" என்றார் அத்தான். விரலால் பிடியைத் தொட்டுக்கொண்டு மூன்றாவது வார்த்தைக்குக் காத்திருந்தார்.

பென்சில் காதிலிருந்து பென்சிலை எடுத்து, குனிந்து, மார்க் போட ஆரம்பித்தார்.

காற்றில்லாத காலை, சமநிலையில் நிற்கும் விமானம். அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அத்தான் வயலைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், உயரம் காட்டும் ஊசியைப் பார்த்தார். ஊசி ஒட்டவைத்த மாதிரி நின்றது. குனிந்து எழுதிக்கொண்டே இவ்வளவு துல்லியமாக ஓட்டுகிறாரே மனுஷன் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். நாலு நிமிஷம் இப்படியே போனது. மனசு கேட்காமல் கடைசியில் சொல்லிவிட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நானும் மூணு நாட்டுல எத்தனையோ பேர் கூடப் பறந்திருக்கேன். உங்க மாதிரி யாரும் ஓட்டிப் பார்த்ததில்ல."

பென்சில் நிமிர்ந்தார். "நானா? நான் எங்க ஓட்டுறேன்?"

"பின்ன?"

"நீங்கதான ஓட்டுறீங்க?"

"நானா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடியைப் பாய்ந்து பிடித்தார்கள். அதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த விமானம் அப்போதுதான் ஒரு குலுக்கு குலுக்கியதாம். கையிலிருந்த பென்சில் பறந்துபோய்ப் பின் சீட்டில் விழுந்தது.

இறங்கியதும் தேர்வாளர் விறுவிறுவென்று நடந்து வந்தார், அத்தான் பின்னால். இருவரும் உள்ளறைக்குப் போனார்கள், கதவைச் சாத்தவில்லை. நடந்ததை அவர்கள் பேசக் கேட்டு எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது, அந்தப் பெண்தான் என் கையைக் கிள்ளி அடக்கியது. பிறகு என் காதுக்கருகே வந்து கிசுகிசுத்தது.

"அக்கா, பயப்படாதீங்க. பிடியை எப்படி மாத்தணும்னு முன்னாடியே வார்த்தையா சொல்லவேண்டியது தேர்வாளரோட வேலை. இந்த நாட்டு விதியில இருக்கு. 'வழக்கம்போல'ன்னா செல்லாது. அங்கிள் அந்த ஒரு வரியைச் சொன்னாப் போதும், அவர் மேல தப்பே வராது, பாஸ்தான்."

அத்தானுக்கு அந்த விதி தெரியும். ஃப்ரிட்ஜ் கதவில் நாலாவது கட்டத்தில் இருக்கிறது, நானே பாலெடுக்கும்போது படித்திருக்கிறேன். வாழ்நாளெல்லாம் "அங்க இப்படி, இங்க இப்படி" என்று ஊரைக் கொன்ற வாய்க்கு இன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை வந்திருக்கிறது. சொல்லுங்க அத்தான், சொல்லித் தொலைங்க என்று நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

"தப்பு என்னுதுதான் சார்" என்றார் அவர்.

எனக்கு எழுந்துபோய் மண்டையில் ஒன்று போடலாமா என்று இருந்தது.

"நான் லிப்ட் மெக்கானிக். மேல ஒருத்தன் கீழ ஒருத்தன் வேலை பார்த்தா, ஸ்விட்ச் யார் கையிலன்னு கேட்காம எதையும் தொடமாட்டேன், தொடாம சும்மாவும் நிக்கமாட்டேன். கேட்டுடுவேன். கேட்கலைன்னா எவனாவது நசுங்கிப் போவான். இன்னைக்கு நான் கேட்கல. நாலு நிமிஷம் வயலைப் பார்த்துட்டு இருந்தேன்."

உள்ளே தேர்வாளர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நானும் நாலு நிமிஷம் குனிஞ்சுதான் இருந்தேன்" என்றார் தேர்வாளர். "முதல்ல நான் சரியா சொல்லியிருக்கணும். அதையும் எழுதித்தான் கொடுக்கப்போறேன். ஆனா ரெண்டு பேரும் இந்த லட்சணத்துல இருந்த தேர்வுக்கு நான் பாஸ் போடமுடியாது. ஃபெயிலும் போடல. பாதியில நிறுத்தினதா எழுதுறேன். மீதியை அடுத்த செவ்வாய்க்கிழமை ஓட்டிக்காட்டுங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் வேறு நாட்டில் இருப்போம். அத்தான் அதை அவரிடம் சொல்லவில்லை. "ரொம்ப நன்றி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். காரில் வரும் வழியெல்லாம் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். விதியைச் சொல்லியிருந்தா இப்ப லைசென்ஸ் கையில இருக்கும்ல, நல்லவர் வேஷம் போட இதுதான் நேரமா என்று கேட்டேன். "சிவப்பு விளக்கு, பார்த்து ஓட்டு" என்றார்.

வீட்டில் அக்கா சாமான்களைப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றையும் எண்ணிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் எண்ணுவதை நிறுத்தினாள். அத்தான் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து ஷூவைக் கழட்டிக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்.

"நல்லவேளை, ஒரு விதத்துல. இங்க பயிற்சி கொஞ்சம் பழைய மாதிரிதான். நாம போற நாட்டுல பாரு, மலைக்கு நடுவுல ஓட்டுறதுக்கே தனியா சொல்லித் தர்றாங்களாம். அங்க போய் நிதானமா—"

"போதும்" என்றாள் அக்கா.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குச் சமாளிக்கத் தெரியும்.

"முதல் நாட்டுல முப்பத்தெட்டு மணி நேரம் ஆச்சு. தேர்வுக்குத் தேதி குறிச்சிருந்தாங்க. நான் டிக்கெட் போட்டேன். நல்லவேளைன்னு சொன்னீங்க. ஒன்பது பேப்பர் பாஸ் பண்ணீங்க, நான் மறுபடி டிக்கெட் போட்டேன். அன்னைக்கும் நல்லவேளைன்னீங்க. விட்டுட்டு வந்த இடம் எல்லாம் மட்டம், நான் கூட்டிட்டுப் போற இடம் எல்லாம் ஒசத்தி. எனக்காகத்தான் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? தெரியும். நம்பற மாதிரி இருந்துட்டேன். நம்பினா எனக்கு வசதியா இருந்துச்சு."

எனக்குச் சுரீரென்றது. பத்து வருஷமாக அந்த மனுஷனை அலட்டல் ஆசாமி என்று நினைத்துக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவைப் பார்க்கக்கூட முடியவில்லை.

அத்தான், "அப்படியெல்லாம் இல்லம்மா, நிஜமாவே அங்க—" என்று இழுத்தார்.

அக்கா போனை எடுத்துவிட்டாள். நாலாவது நாட்டு ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸைக் கூப்பிட்டாள். ஒரு வாரம் தள்ளித்தான் வேலையில் சேரமுடியும் என்றாள். அந்தப் பக்கம் காரணம் கேட்டார்கள் போல.

"வீட்ல ஒருத்தருக்குப் பரீட்சை. இல்லைங்க, பையன் இல்ல. வீட்டுக்காரருக்கு." கொஞ்சம் கேட்டுவிட்டு, "முக்கியமான பரீட்சைதான். முடியாதுன்னா வேற ஆளைப் போட்டுக்கோங்க, எனக்கு வருத்தமில்ல" என்றாள்.

அத்தான் எழுந்து குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. போன் பேசி முடித்த அக்கா, "ஒரு வாரம் கொடுத்திருக்காங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கட்டிவைத்த பெட்டிகளில் எதில் சமையல் பாத்திரம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காற்று கொஞ்சம் பலமாகவே அடித்தது. தேர்வாளர் புறப்படும் முன் பிடி மாற்றுவதைப் பற்றி மட்டும் ஐந்து நிமிஷம் வகுப்பு எடுத்தார். மேலே போய் நாற்பது நிமிஷத்தில் இறங்கிவிட்டார்கள். நாங்கள் மூன்று பெண்கள் தேநீர் அறையில் நின்றோம். கேட்டு வாங்கிய அந்த ஒரு வாரமும் பழைய ஆஸ்பத்திரிக்கே போய்வந்த அக்கா, வேலையின் நடுவில் சீருடையோடு ஓடிவந்திருந்தாள்.

அத்தான் உள்ளே வந்தார். எந்த நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாமல் கையிலிருந்த தாளை அக்காவிடம் நீட்டினார். அவள் அதை நோயாளியின் கையில் கட்டிய சீட்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். பேர், பிறந்த தேதி, இன்றைய தேதி, பாஸ் என்ற சொல், கையெழுத்து எல்லாவற்றிலும் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். ஒருமுறை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.